ஆளும் அளவும் சார்ந்த அளவும்

சென்ற திங்கள் இப்பகுதியில் வெர்னியர் கொண்டு அளக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், "அளப்பது கிடக்கட்டும், எம் பிள்ளைகள் நாள் முழுவதும் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து ‘ஸ்கெட்ச்’ போடுகின்றனர். ‘ஓவர் கன்ஸ்ட்ரெயின்ட் ஆகிவிட்டது’ என்று முணுமுணுத்துக்கொண்டு இரவு உணவுக்கும் எழுந்து வருவதில்லை. அது என்ன நோய்?" என்று கேட்டுள்ளனர். வினா நியாயமானதே. ஆனேக்கல் வட்டத்தில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இது அயலார் செய்தி அன்று. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய மூன்று தொழிற்பேட்டைகளும் இவ்வட்டத்திற்குள்ளேயே அமைந்துள்ளன. எல்லையைக் கடந்தால் ஓசூர். தந்தையர் லேத்தின் முன் நின்று ஈட்டிய சோற்றை மைந்தரும் மகளிரும் இன்று ‘கேட்’ என்னும் வரைவு முறையால் ஈட்டுகின்றனர். அவர்கள் படும் இடரை வீட்டிலுள்ளோரும் ஓரளவு அறிந்திருத்தல் நன்றே.

முதலில் கணிப்பொறியை மறந்துவிட்டு ஒரு கொத்தனாரை நினைப்போம். வீடு கட்டுவோர் அவரிடம், "சுவர் 12 அடி, கதவு 3 அடி, கதவுக்கு இடப்புறம் 4 அடி விடுக" என்று கூறுகின்றார். வலப்புறம் எவ்வளவு என்று கொத்தனார் கேட்கமாட்டார். 5 அடி என்பது தானே வந்து நிற்கும். இங்கு முதல் மூன்றும் நாம் இட்ட கட்டளைகள். அவற்றை ஆளும் அளவுகள் என்போம். நான்காவது அவற்றிலிருந்து பிறந்தது. அது சார்ந்த அளவு. வீட்டுக்காரர் "வலப்புறம் 6 அடி" என்று மேலும் ஒரு கட்டளை இட்டால் கொத்தனார் சிரிப்பார். "வலப்புறம் 5 அடி" என்று சரியாகவே கூறினால்? அன்று எவ்விடரும் இல்லை. ஆயின் மறுநாள், இடம் போதவில்லை என்று சுவரை 11 அடியாகக் குறைக்க நேர்ந்தால், நான்கு கட்டளைகளில் எதனை மீறுவது? இடப்புறத்தையா, வலப்புறத்தையா, கதவையா? கொத்தனார் வந்து கேட்பார். கணிப்பொறி கேட்காது. மறுத்துவிட்டு நின்றுவிடும். பிள்ளைகள் முணுமுணுக்கும் சொல்லின் பொருள் இவ்வளவே: கட்டளைகள் தேவைக்கு மேல் மிகுந்துவிட்டன.

தேவை எவ்வளவு என்பதைக் கணக்கிடவும் ஒரு வழி உண்டு. தளத்தில் ஒரு கோட்டிற்கு இரு முனைகள். ஒவ்வொரு முனைக்கும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு எண்கள். ஆக ஒரு கோடு நான்கு வகையில் அசையும் உரிமை உடையது. நான்கு கோடுகளுக்குப் பதினாறு. நான்கு மூலைகளிலும் முனைகளை ஒட்டவைத்தால் எட்டு உரிமைகள் போகும். இரண்டு கோடுகளைக் கிடைமட்டம் என்றும், இரண்டைச் செங்குத்து என்றும் கூறினால் இன்னும் நான்கு போகும். ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் நிறுத்தினால் இரண்டு. எஞ்சியவை இரண்டே, அவையே நீளமும் அகலமும். ஆகவே செவ்வகத்திற்கு இரண்டு ஆளும் அளவுகள்தாம் உண்டு. மூன்றாவதாக மூலைவிட்டத்தின் நீளத்தையும் கட்டளையாக இட எவர்க்கும் உரிமையில்லை. அதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே.

இது வரை எளிது. எத்தனை அளவுகள் ஆளவேண்டும் என்பதைக் கணிப்பொறியே எண்ணிச் சொல்லிவிடும். எவை ஆளவேண்டும் என்பதை அது சொல்லாது. நம் இளைஞர் இடர்ப்படுவது இங்கேதான். வேலையில் ஒருவரின் தகுதி வெளிப்படுவதும் இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 100 மி.மீ. நீளமுள்ள ஒரு தகடு. அதில் இரண்டு துளைகள். இரண்டிற்கும் நடுவே 60 மி.மீ. இடைவெளி. இடப்பக்க விளிம்பிலிருந்து முதல் துளைக்கு 20. வலப்பக்க விளிம்பிலிருந்து இரண்டாம் துளைக்கு 20. நீளவாட்டில் நான்கு எண்கள். அவற்றுள் மூன்றே ஆளலாம். எதனைச் சார்ந்த அளவாக விடுவது?

வரைபவர் மூவர் மூன்று வகையாகச் செய்தனர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் நீளம், இடப்பக்க ஓரம், இடைவெளி ஆகியவற்றை ஆளவைத்து, வலப்பக்க ஓரத்தைச் சார்ந்ததாக விட்டார். இரண்டாமவர் நீளத்தையும் இடைவெளியையும் ஆளவைத்து, துளைகள் நடுக்கோட்டிற்கு இருபுறமும் சமமாக நிற்கவேண்டும் என்று விதித்தார். ஓரங்கள் இரண்டும் சார்ந்தவை. மூன்றாமவர் நீளத்தையும் இரு ஓரங்களையும் ஆளவைத்தார், இடைவெளி சார்ந்தது. இன்று மூவர் திரையிலும் ஒரே படம். கோடு கோடாக ஒப்பிட்டாலும் வேற்றுமை காண இயலாது. மூவருக்கும் ஒரே பாராட்டும் கிடைக்கும்.

மறுநாள் மாலை வாடிக்கையாளரிடமிருந்து திருத்தம் வருகிறது: தகட்டின் நீளம் 120. மூவரும் ஓர் எண்ணை மட்டும் மாற்றுகின்றனர். முதலாமவர் படத்தில் துளைகள் நின்ற இடத்திலேயே நிற்க, வலப்பக்க ஓரம் மட்டும் 40 ஆகிறது. இரண்டாமவர் படத்தில் ஓரங்கள் முப்பது முப்பதாக விரிகின்றன; இடைவெளி 60 ஆகவே இருக்கிறது. மூன்றாமவர் படத்தில் ஓரங்கள் இருபது இருபதாகவே நிற்க, துளைகளின் இடைவெளி அரவமின்றி 80 ஆகிவிடுகிறது. எந்தத் திரையிலும் எச்சரிக்கை இல்லை, எதுவும் சிவக்கவில்லை. தகடு ஓர் இயந்திரத்தின் மேல், முன்பே 60 மி.மீ. இடைவெளியில் துளையிட்ட அடித்தளத்தில் பூட்டவேண்டியதாயின், மூன்றாமவர் அனுப்பிய படத்தின்படி வெட்டிய ஒவ்வொரு தகடும் பழைய இரும்பு விலைக்கே போகும்.

மூன்றாமவர் அறிவற்றவர் என்று எண்ணவேண்டா. மெல்லிய தகட்டில் துளை விளிம்பை நெருங்கினால் கிழியும். அங்கே ஓரத்தின் அளவே ஆளவேண்டும். அவர் செய்ததே முறை. தகடு இடப்பக்கம் ஒரு தடுப்பில் சென்று முட்டி நிற்பதாயின் முதலாமவர் முறை பொருந்தும். இருபுறமும் ஒத்த மூடியாயின் இரண்டாமவர் முறை. தகடு எங்கே அமரப்போகிறது, எதனைத் தொடப்போகிறது, எது அசைந்தால் கேடு என்பவற்றைக் கேட்டறியாமல் அளவிடத் தொடங்குவோர், மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கின்றனர். நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இவ்வினாவைக் கேட்கக் கூசுகின்றனர். கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பர் என்னும் அச்சம். வேற்றுமொழிச் சூழலில் அவ்வச்சம் இருமடங்காகிறது. "இந்தத் தகடு எதன்மேல் உட்காரும்?" என்னும் ஒரு வினாவைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ தடையின்றிக் கேட்கும் பயிற்சியைப் பெற்றோர் வீட்டிலேயே கொடுக்கலாம் என்பது நம் கருத்து.

இனி, பட்டறைக்காரரின் வயிற்றைத் தொடும் செய்திக்கு வருவோம். எந்த அளவையும் உலோகத்தில் அப்படியே எய்த இயலாது. எனவே ஒவ்வோர் அளவுக்கும் ‘டாலரன்ஸ்’ எனப்படும் கூடுதல் குறைவு உண்டு. படத்தில் தனியே குறிக்காத அளவுகளுக்கு 1989-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 2768 என்னும் தரநூலின் முதற்பகுதியைப் பின்பற்றுவது வழக்கம். அதன் நடுத்தர வகுப்பில் 6 மி.மீ.க்கு மேல் 30 வரை உள்ள அளவுக்கு 0.2 கூடலாம் அல்லது குறையலாம். 30-க்கு மேல் 120 வரை 0.3. நம் தகட்டில் நீளம் 100-க்கு 0.3, இடப்பக்க ஓரம் 20-க்கு 0.2, இடைவெளி 60-க்கு 0.3. அப்படியாயின் வலப்பக்க ஓரம்? மூன்றின் பிழைகளும் ஒருபுறமாகச் சேர்ந்தால் 0.8 வரை போகும். 19.2 முதல் 20.8 வரை எதுவாயினும் அத்தகடு நல்ல தகடே.

ஜிகணியில் ஒரு சிறு பட்டறைக்கு இத்தகடு 500 செய்யும் கூலிவேலை வருகிறது என்று கொள்வோம். படம் வரைந்தவர், ஆப்பரேட்டருக்குக் கணக்குப்போடும் தொல்லை வேண்டாமே என்று இரக்கப்பட்டு, வலப்பக்க ஓரத்திற்கும் 20 என்று வெறுமனே எழுதிவிட்டார். பட்டறையில் ஒரு தகடு நீளம் 100.2, ஓரம் 19.9, இடைவெளி 59.8 என்று வந்தது. மூன்றும் எல்லைக்குள்ளேதான். வலப்பக்க ஓரம் 20.5. பொருளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சோதனையாளர் படத்தைப் பார்க்கிறார். அங்கே 20 என்று இருக்கிறது. அதற்குத் தரநூல் தருவது 0.2 மட்டுமே, 20.2-க்கு மேல் ஏற்பதற்கில்லை. தகடு தள்ளப்படுகிறது. பட்டறைக்காரர் பிழை செய்யவில்லை, சோதனையாளரும் செய்யவில்லை. படத்தில் நான்கு எண்கள் அரசுபுரிய முயன்றன. அதன் விலையை எல்லோரினும் எளியவர் செலுத்துகிறார். அந்நாளைய கூலியும் இரும்பும் அவருடையவை. வாரக் கடைசியில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியவரும் அவரே.

இதற்கு மருந்து மிக மலிவானது. ஓர் அடைப்புக்குறி. சார்ந்த அளவைப் படத்தில் காட்டவேண்டுமாயின் அதனை (20) என்று அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும் என்பது உலக வழக்கு. பள்ளி, கல்லூரிகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டு 2003-ல் திருத்திய எஸ்.பி. 46 என்னும் கையேடும் இதனையே கூறுகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் செய்தி தருவது, ஆணையிடுவதன்று. அதனை வைத்து ஒரு பொருளை ஏற்கவோ தள்ளவோ கூடாது. ஆப்பரேட்டருக்கு வேண்டிய எண்ணும் கிடைத்தது. பட்டறைக்காரர் சம்பளமும் தப்பியது. கூலிவேலை எடுக்கும் நம் அன்பர்கள் விலை கூறுமுன் படத்தை ஒருமுறை கூட்டிப்பாருங்கள். ஒரே வரிசையிலுள்ள சிற்றளவுகள் யாவும், அவற்றின் மொத்தமும், அடைப்புக்குறி ஏதுமின்றி எழுதப்பட்டிருந்தால், எந்த அளவு சார்ந்தது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற்றபின் வேலையைத் தொடங்குங்கள். வேலை முடிந்தபின் கேட்பதில் பயனில்லை.

பழைய தலைமுறையினர் சிலர், "எங்கள் காலத்தில் இந்த வம்பே இல்லை" என்பர். ஓரளவு உண்மை. எச்.எம்.டி. நிறுவனம் 1953-ல் பெங்களூரில் தொடங்கிய நாளில் படங்கள் பலகையில் வரையப்பட்டன. காகிதம் சுருங்கும், நீளும். ஆகவே ‘படத்தை அளந்து பார்க்காதே, எழுதிய எண்ணையே கொள்’ என்பது வரைபடக்காரர்களின் நெடுநாளைய விதி. எண்ணே அரசு, கோடு குடி. 1982-ல் வெளிவந்த ஆட்டோகேட், கோட்டை அரசாக்கியது. நாம் கோட்டை வரைந்தபின் அது நீளத்தை அளந்து எண்ணை எழுதித் தந்தது. உண்மையில் அதில் இருந்த அளவுகள் யாவும் சார்ந்த அளவுகளே! இதனால் ஒரு தீய பழக்கமும் வளர்ந்தது. கோட்டை மாற்றச் சோம்பி, எண்ணை மட்டும் அழித்து வேறு எண்ணை எழுதிவிடுவர். காகிதத்தில் 120, கணிப்பொறிக்குள் 100. அதே கோப்பை நேரே சி.என்.சி. இயந்திரத்திற்குக் கொடுத்தால் என்ன நேரும் என்று விளக்கவேண்டியதில்லை.

எண் மாறக் கோடும் மாறும் முறை பின்னர் வந்ததே எனினும், அதன் வித்து மிக முந்தையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்டு என்பவர் 1963-ல் அளித்த ஆய்வேட்டில் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் அமைப்பை விளக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடிட்டு, ‘இவை இணையாக இருக்கட்டும், இவை சமமாக இருக்கட்டும்’ என்று விதித்தால் படம் தன்னைத் திருத்திக்கொள்ளும். தொழிற்சாலைகளில் இம்முறை நிலைபெற்றது 1988-ல் வெளியான புரோ எஞ்சினியர் என்னும் மென்பொருளுக்குப் பின்னரே. மீண்டும் எண்ணே அரசாயிற்று. ஆனால் இம்முறை அரசு எந்த எண், குடி எந்த எண் என்று வரைபவரே தீர்மானிக்கவேண்டிய கடமையும் உடன் வந்தது.

சார்பு என்பதில் இரு வகை உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வோர் பலர். ஒன்று, மேலே கண்டது. பிற அளவுகள் முடிவானபின் எஞ்சி நிற்பதை அளந்து காட்டுவது. மற்றொன்று, சூத்திரத்தால் கட்டுண்டது. ‘துளையின் ஓரம் துளை விட்டத்தைப்போல் இருமடங்கு’ என்று எழுதினால், ஓரம் என்பது விட்டத்தைச் சார்ந்தது. எனினும் படத்தின் உள்ளே அது ஆளும் அளவாகவே நின்று கோட்டை நகர்த்துகிறது. முன்னது கணக்கின் விடை. பின்னது தலைவன் சொல்லைக் கேட்டு வேலைவாங்கும் மேஸ்திரி.

இரண்டாம் வகையை நம் முன்னோர் நன்கறிவர். சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனி செய்யத் தொடங்குகையில் தென்னோலை நறுக்கு ஒன்றை உருவத்தின் உயரத்திற்கு வெட்டிக்கொள்கின்றனர். ஒடியோலை என்பது அதன் பெயர். அதனை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு எனப் பகுதிகளை அடையாளமிடுவர். உத்தம தச தாலம் என்னும் அளவுமுறையில் முழு உயரம் 124 பங்கு. சிற்பி தேர்ந்தெடுக்கும் அளவு உயரம் ஒன்றே. ஏனைய யாவும் அதனைச் சார்ந்தவை. சாண் உயரத் திருமேனிக்கும் ஆளுயரத் திருமேனிக்கும் ஓலைதான் வேறு, மடிப்பு ஒன்றே. பகுதிகளைக் கூட்டினால் மொத்தத்துடன் பொருந்துமா என்னும் ஐயத்திற்கே அங்கு இடமில்லை. மொத்தத்தை மடித்தல்லவா பகுதிகள் பிறந்தன! மென்பொருளில் ஒரு தாய் அளவிற்குப் பெயரிட்டு மற்றவற்றைச் சூத்திரத்தால் கட்டுவோர் செய்வதும் இதுவே. திருத்தம் அடிக்கடி வரும் பொருள்களுக்கு இம்முறை ஒரு வரப்பிரசாதம். ஆயினும் மிகைப்படுத்தவேண்டா. தொடர்பில்லாத இரண்டு எண்கள் தற்செயலாக ஒத்திருப்பதைக் கண்டு சூத்திரத்தால் முடிச்சுப் போட்டுவிட்டால், ஒன்றை மாற்றும்போது மற்றது காரணமின்றி ஆடும்.

வீட்டிலிருந்தே பழக விரும்புவோர்க்கு ஃப்ரீகேட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. வழக்கமான நிற அமைப்பில், ஸ்கெட்சில் ஆளும் அளவுகள் சிவப்பாகவும் சார்ந்த அளவுகள் நீலமாகவும் தோன்றும். அசையும் உரிமை யாவும் தீர்ந்தபின் கோடுகள் பச்சையாகும். ஓர் அளவை ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாற்ற ஒரு பொத்தான் உண்டு. சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில், மிகையான அளவை இடும்போதே ‘இதனைச் சார்ந்ததாக்கலாமா’ என்று கேட்கும். புதியவர்கள் சிந்தியாமல் ‘ஆம்’ என்று அழுத்திவிடுகின்றனர். அங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். கடைசியாக வந்த அளவுதான் சார்ந்ததாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முன்பே இட்ட ஒன்றைச் சார்ந்ததாக்கிவிட்டு, புதியதை ஆளவைப்பதே பல வேளைகளில் முறையாகும். அதுபோலவே, பிழைச் செய்தி வந்தவுடன் கைக்குக் கிடைத்த கட்டுப்பாட்டை அழிப்பதும் தவறு. அழிந்தது, இரு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்னும் இன்றியமையாத விதியாகவும் இருக்கக்கூடும்.

சார்ந்த அளவுக்கு ஒரு பெயரிட்டால், அப்பெயரை ஸ்கெட்சுக்கு வெளியே உள்ள பிற பகுதிகளின் சூத்திரங்களில் பயன்படுத்தலாம். தகட்டின் எஞ்சிய ஓரத்திற்கு ஏற்ப அதன்மேல் அமரும் மூடியின் நீளம் தானே மாறும்படி செய்யலாம். ஆனால் சார்ந்த அளவைக்கொண்டு, அது பிறந்த அதே ஸ்கெட்சை ஆள முயலக்கூடாது. தன்னைத் தூக்கிப் பிடித்திருக்கும் கையைத் தானே தூக்குவது போன்றது அது.

இத்திங்களுக்கான பயிற்சி ஒன்று தருகிறோம். ஒரு வட்டத் தகட்டில் 80 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின்மேல் ஆறு துளைகளைச் சம தொலைவில் இடுக. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள நேர்த்தொலைவைச் சூத்திரமின்றியே கூறிவிடலாம். அது 40 மி.மீ. பின்னர் ஆறு என்பதை எட்டாக்குக. விட்டம் 80 ஆகவே நின்று துளைத் தொலைவு ஏறத்தாழ 30.6 ஆகிறதா, அல்லது தொலைவு 40 ஆகவே நின்று வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 104.5 ஆக ஊதிவிடுகிறதா என்று பார்த்து, உங்கள் வரைவில் எது ஆண்டது, எது சார்ந்தது, தகடு எதன்மேல் பூட்டப்படுவதாக நினைத்து அவ்வாறு செய்தீர்கள் என்பதை நான்கு வரிகளில் எழுதி அடுத்த திங்கள் 10-ஆம் நாளுக்குள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்கவும். மாணவர் பெயருடன் வகுப்பும், தொழில் செய்வோராயின் பழகிய மென்பொருளின் பெயரும் குறிப்பிடுக. அடுத்த இதழில் மரைகளின் அளவைப் பற்றி எழுதுவோம்.